ஆந்தையிடம் இருந்த விளையாட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு லென்ஸை உடைத்தேன். ஓரம் தேய்க்கும்போது கவனம் எங்கேயோ போய்விட்டது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் அவர் திட்டுகிற விதம்.

காலையில் ஆந்தையிடமிருந்து வந்த செய்திதான் காரணம். "எலியம்மா, மாசக் கடைசியோட அந்த சர்வர நிறுத்தறாங்களாம். இலவசப் பக்கம் அத்தனையும் போயிடும்."

அந்த சர்வரில்தான் பழைய விளையாட்டுத் தளங்கள் நிறைய இருக்கின்றன. டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட் வந்த காலத்தில் யார் யாரோ வீட்டில் உட்கார்ந்து செய்தவை. கறுப்புப் பின்னணியில் நட்சத்திரம் மின்னும், எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு எண் ஓடும், கீழே சின்னச் சின்ன விளையாட்டுகள் இறக்கிக்கொள்ளக் கிடைக்கும். செய்தவர்கள் எல்லாரும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். பக்கங்கள் மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

மூடப்போகிற தளங்களை முன்கூட்டியே நகலெடுத்து வைப்பது — சில வருஷமாக ஆந்தைக்கும் எனக்கும் இதுதான் வேலை. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. பெயருக்குப் பதிலாக ஒரு ஆந்தைப் படம் வைத்திருப்பார், அவ்வளவுதான் தெரியும். நான் சுண்டெலி. "ஆந்தைக்கும் எலிக்கும் என்னடி சிநேகம், ஒருநாள் முழுங்கிடப் போகுது" என்பாள் அக்கா.

மார்ச் 9, ஞாயிறு

வேலையைப் பிரித்துக்கொண்டோம். பக்கங்கள், படங்கள், வந்தவர்கள் எழுதிவிட்டுப் போகிற விருந்தினர் ஏடு என் பங்கு. விளையாட்டுக் கோப்புகள் அவர் பங்கு. என் கம்ப்யூட்டரில் இடம் இல்லை. "உங்க டிஸ்க்ல கொசு உட்காந்தாகூட நெரிசலாயிடும்" என்று எழுதினார். அவரிடம் அலமாரி நிறைய டிஸ்க் இருக்கிறது. போன வருஷங்களில் சேர்த்ததும் முழுக்க அங்கேதான்.

இன்று முழுவதும் ஒரே தளம். அதை நடத்தியவர் ஒவ்வொரு விளையாட்டின் கீழும் ஒரு வரி எழுதியிருக்கிறார். 'இது என் தங்கைக்குப் பிடிக்கும்.' 'ஐந்தாவது கட்டத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிடும், பயப்பட வேண்டாம், நீங்கள் எதுவும் செய்யவில்லை.' விருந்தினர் ஏட்டில் கடைசியாக ஒருவர் கேட்டிருக்கிறார்: 'இங்கே யாராவது இருக்கிறீர்களா?' பல வருஷத்துக்கு முந்தைய தேதி. பதில் இல்லை.

அக்கா துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் யார் பாக்கப் போறா?"

யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால்தானோ?

மார்ச் 17, திங்கள்

ஆந்தையிடமிருந்து சில நாளாகப் பதில் இல்லை. வேலை இருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

இன்றும் இல்லை.

அவர் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன், போன் அணைந்திருக்கிறது. வேறு விதமாக விசாரிக்கலாம் என்றால் — யாரை? அவர் பெயர் தெரியாது. ஊர் தெரியாது. நிலம் அளக்கிற வேலை என்பது தெரியும். முதுகுவலி. டீயை ஆறவிட்டுத்தான் குடிப்பார். பேச்சின் நடுவில் "வீட்ல கூப்பிடறாங்க" என்று காணாமல் போவார். இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை எப்படித் தேடுவது? தளம் நடத்தியவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று பீற்றிக்கொள்வோம்.

கோபமாகவும் இருக்கிறது. சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

மார்ச் 31, திங்கள்

மூடிவிட்டார்கள். மதியம் வரைக்கும் திறந்தது, பிறகு வெள்ளைப் பக்கம். என் பங்கை முடித்துவிட்டேன். அவர் பங்கிலும் கொஞ்சம் எடுத்தேன், பழைய போட்டோக்களை அழித்து இடம் பண்ணி. பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. மீதியை அவர் முன்பே எடுத்திருப்பார். எடுத்திருப்பார்.

ஏப்ரல் 11, வெள்ளி

கடையில் இருக்கும்போது ஆந்தையின் எண்ணிலிருந்து அழைப்பு. அவர் எப்போதும் எழுதுவார், கூப்பிட்டதே இல்லை. பின்னறைக்கு ஓடினேன்.

பெண் குரல். "நீ யாரு?"

பின்னறைக் கதவைச் சாத்தினேன்.

"எலியம்மான்னு பேர் போட்டு வெச்சிருக்காரு. தினமும் பேசியிருக்கீங்க. எத்தன வருஷமா இது?"

நான் தளங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். உளறினேன். பழைய வெப்சைட், விளையாட்டு, சேர்த்து வைப்போம் என்று. எனக்கே பொய் மாதிரிதான் கேட்டது. அந்த அம்மா குறுக்கிடாமல் கேட்டார்.

"வெளையாட்டா?" என்றார். "அந்த ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு அவர் பாத்தது வெளையாட்டா?"

"ஆமாங்க. அவர் எங்கங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

 "போன மாசமே போயிட்டாரும்மா. அளக்கப் போன இடத்துல, வெயில்ல, அப்படியே உக்காந்தவர்தான். போனத் திறக்க முடியல. நேத்துதான் என் தம்பி திறந்து குடுத்தான்."

'நீ' என்று ஆரம்பித்தவர் 'அம்மா' என்று முடித்தார். அது ஏனோ தாங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கேட்டதை எழுதத்தான் வேண்டும். டிஸ்க் எல்லாம் பத்திரமா இருக்கான்னு கேட்டேன்.

"எல்லாத்தையும் தம்பி சுத்தமா அழிச்சு பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துட்டான். பிள்ளைங்களுக்கு உபயோகமா இருக்கும்ல."

"ஐயோ" என்றேன். என்னை அறியாமல், சத்தமாக.

வைத்துவிட்டார்.

ஏப்ரல் 12, சனி

அக்காவிடம் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரி வார்டில் தினமும் சாவு பார்க்கிறவள், சுலபத்தில் அதிர மாட்டாள். "பாவம்டி அந்தாளு" என்றாள். பிறகு, "அந்தம்மா புருஷன் செத்ததச் சொல்லுது, நீ டிஸ்க் எங்கன்னு கேட்டியா?"

"கேட்டேன்."

 என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

போனது எது? இரண்டாயிரத்துச் சொச்சம் விளையாட்டுகள். வேறெங்கும் இல்லாதவை பாதியாவது இருக்கும். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் இப்போது அந்த டிஸ்க்கில் கூட்டல் கழித்தல் இருக்கும். யார்மேல் கோபப்படுவது? அந்தத் தம்பி நல்லதுதான் செய்திருக்கிறான்.

நான் எதற்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆளுக்கா, டிஸ்க்குக்கா. பேர்கூடத் தெரியாத மனுஷனுக்கு யாரு அழுவா?

ஏப்ரல் 20, ஞாயிறு

எதையும் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் மேல் தூசி.

ஏப்ரல் 27, ஞாயிறு

அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறக்குமுன், "அன்னிக்கு நீங்க ஐயோன்னீங்கள்ல," என்றார். "அவர் போனதுக்கு இங்க எல்லாரும் ஆறுதல்தான் சொன்னாங்க. அந்த ரூமுக்கு ஐயோன்னது நீங்க ஒருத்தர்தான்."

பிறகு கேட்டார்: "உங்ககிட்ட என்னதான் பேசினாரு? எங்ககிட்ட சாப்பாடு, வாடகை, பல்வலி, இவ்வளவுதான் பேச்சு."

என்னிடமும் பெரிதாகப் பேசியதில்லை. ஆனால் ஒவ்வொரு தளத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு எழுதுவார். யார் நடத்தியது, பக்கம் எப்படி இருந்தது, எந்த விளையாட்டை விடக்கூடாது. எழுத்துப் பிழை பார்க்க எனக்கு அனுப்புவார். அவை முழுக்க என்னிடம் இருக்கின்றன. ஒன்றை வாசித்துக் காட்டினேன். ஒரு தளத்துக்காரர் கடைசி நாள் வரை தினமும் வணக்கம் எழுதியதைப் பற்றியது. 'பார்க்க வருகிறவர் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். நல்ல மனிதர்.'

"பெரிய ற, சின்ன ர மாத்திப் போட்டிருப்பாரே?" என்றார்.

"எப்பவும்."

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதினதுலயும் அப்படித்தான்." சிரித்தார். உடனே சிரிப்பு வேறொன்றாக மாறியது. நான் வைக்காமல் காத்திருந்தேன்.

திருத்தாததையே அனுப்பச் சொன்னார்.

மே 11, ஞாயிறு

ஒரு பக்கம் போட்டுவிட்டேன். தளங்களின் படம், அவர் எழுதிய குறிப்பு, விளையாட்டின் பெயர். பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே 'கோப்பு இல்லை' என்று போட வேண்டியிருந்தது. போட்டுப் போட்டுக் கை மரத்துவிட்டது. கல்லறை மாதிரி இருக்கிறது என்றாள் அக்கா. இருக்கட்டும். பெயர் இல்லாமல் கிடப்பதற்கு இது தேவலை.

கீழே அவர் பெயரைப் போட்டேன். அந்த அம்மா சொன்ன பெயர். ஆந்தைக்குப் பொருந்தவே இல்லை.

மே 25, ஞாயிறு

என்னிடம் தப்பிய கொஞ்ச நஞ்சத்தில் ஒன்றை அனுப்பச் சொல்லி அந்த அம்மா கேட்டிருந்தார். பாழடைந்த மாளிகையில் கதவு கதவாகத் திறந்து போகிற ஒரு சின்ன விளையாட்டு. தம்பி உட்கார்ந்து ஓட வைத்துக் கொடுத்தானாம்.

இன்று மத்தியானம் கூப்பிட்டார். எடுத்த எடுப்பில், "மூணாவது கதவு திறக்க மாட்டேங்குது. என்ன பண்ணணும்?"

யோசித்துப் பார்த்தேன். இப்படி எங்கேயாவது மாட்டிக்கொண்டால் நான் யோசித்ததே கிடையாது.

"தெரியலீங்க," என்றேன். "நான் அவரத்தான் கேப்பேன்."

"ஓ," என்றார்.

 பின்னால் அந்த விளையாட்டின் பாட்டு, ஒரே நாலு சுரம், திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, நீங்களும் உங்க வீட்ல திறங்க," என்றார். "நான் இடது பக்கம் தேடறேன். நீங்க வலது பக்கம் பாருங்க."