மாசியில் வந்த குளிர்

இன்று விடியற்காலையில் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது முந்திரிப் பூ வாசனை. அடுத்த மூச்சுக்கு வாயிலிருந்து புகை வந்தது. மார்கழி போய், தையும் போய், இனி எங்கே என்று இருந்தபோது மாசியில் வந்திருக்கிறது குளிர். உன்னை எழுப்ப உள்ளே திரும்பி இரண்டு எட்டு வைத்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறேன்.

ராஜா ஆட்சி முடிந்து எங்கள் சமஸ்தானம் போன மறுவருஷம் உன்னைப் பெண் பார்க்க நீலகிரிக்கு வந்தோம். உங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டில் என் ஆத்தாவுக்குப் பல் தந்தியடித்தது. அந்த நிலையிலும் உன் அப்பாவிடம், "எங்க திருவரங்குளத்துலயும் மார்கழியில நல்லாக் குளிருமுங்க" என்று அடித்துவிட்டாள். பொய்யில்லை, பாவம். அவளுக்குத் தெரிந்த குளிர் அவ்வளவுதான்.

நீ வந்த வருஷம் பார்த்து அதுவும் ஏமாற்றியது. மார்கழி பிறந்ததும் வழக்கப்படி துண்டால் காதைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். குளிர்கிறதோ இல்லையோ, மார்கழி என்றால் இங்கே ஆண்பிள்ளை காதைக் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் கடைத்தெருவே அதட்டும். நீ என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தாய்.

"வேர்த்து ஊத்துது, காதை எதுக்குங்க கட்டியிருக்கீங்க?"

அந்தச் சிரிப்பு தையில் நின்றுபோனது. உடம்பெல்லாம் வேர்க்குரு, தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. "மாசியில அண்ணன் வருவாரு. நான் போறேங்க" என்றாய். "திரும்பி வருவேல்ல?" என்று கேட்டேன். நீ டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கினாய். மற்றவர்கள் மழைக்கு வானத்தைப் பார்ப்பார்கள். நான் குளிருக்குப் பார்த்தேன். பனி இறங்கியிருக்கிறதா என்று தினமும் இருட்டோடு கண்மாய்க் கரைக்கு ஓடினேன். கேட்டவர்களிடம் மாடு அவிழ்த்துக்கொண்டது என்றேன். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் கயிறோடு என் பின்னாலேயே தேட வந்துவிட்டார்!

உன் அண்ணன் வந்த மறுநாள் காலை, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு உன்னைத் தேடினால், நீ கண்மாய்க் கரையில் நின்றாய். பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியவில்லை. வெறுங்காலோடு, முந்தானையைக்கூடப் போர்த்தாமல், வாயால் ஊதி ஊதிப் புகை விட்டுக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் ஓடிவந்து காதிலிருந்த துண்டை உருவினாய்.

"காதை அடைச்சுக்கிட்டா குளிர் எப்படிங்க தெரியும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பனி கண்ணில் பட்டுவிட்டது என்றேன். பின்னால் வந்த அண்ணனிடம், "இன்னும் நாலு நாள் இருந்து பாக்குறேண்ணே. நீங்க போயிட்டு வாங்க" என்றாய். பெட்டியை அப்படியே வீட்டுக்குத் திருப்பினேன். அது கனக்கவே இல்லை.

அந்தக் குளிர் நாலு நாள்கூட நிற்கவில்லை. நீ இத்தனை வருஷமும் இருந்தாய், போன ஐப்பசியில் அந்தக் காய்ச்சல் வரும்வரை.

கரைக்குப் போய்வந்துதான் இதை எழுதுகிறேன். எதிரே வந்தவர், "காதைக் கட்டுங்கண்ணே, பனி ஒத்துக்காது" என்றார். துண்டு தோளில்தான் கிடந்தது. "இருக்கட்டும்யா" என்றேன்.

வெயில் ஏறிவிட்டது. காது இன்னும் சில்லென்று இருக்கிறது.