சபையில் வாங்கிய வாக்கைத் திருப்பித் தருகிறேன்

அன்பும் பிடிவாதமும் ஒருங்கே கொண்டிருந்த என் சம்பந்தி மீனாம்பாளுக்கு,

முதலில் ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன். நீங்கள் கண்மூடிய நாளிலிருந்து திருக்கோகர்ணத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. "பெத்த தாய் வேணாம்னு அழுதாங்களாம். மாமியார்தான் பெரிய மனசு பண்ணி மருமகளைக் கடற்படையில இருக்க விட்டாங்களாம்." கோயில் வாசலில் என் கையைப் பிடித்துப் பாராட்டியவர்களும் உண்டு. முதல் இரண்டு முறை நான் மறுக்காமல் நின்றேன். அது எனக்கு அழகல்ல. அழுதது நான். தடுத்ததும் நான். உங்கள் மகள் சுகந்தியைக் கடலுக்கு விட்டவர் நீங்கள்.

இனிச் செய்திக்கு வருகிறேன். சம்பந்தி, உங்கள் மகளுக்குக் கப்பல் கொடுக்கிறார்கள்! போர்க்கப்பல். சிறியதுதான், ஆனால் அதன் பீரங்கி, எஞ்சின், சமையற்கட்டு, அதில் இருக்கும் ஒவ்வொரு மனிதர், எல்லாம் அவள் பொறுப்பு. பதவியில் அவள் லெப்டினன்ட் கமாண்டர். கப்பலைக் கையேற்ற நிமிடத்திலிருந்து அதில் உள்ளவர்களுக்கு அவள்தான் கேப்டன். நாட்டிலேயே முதல் பெண் என்று என் மகன் முருகேசன் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதுவும் தவறு, அவளுக்கு முன்னால் வேறு பெண்கள் போயிருக்கிறார்கள். இருந்தால் என்ன? போனை வைத்துவிட்டு நான் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். உட்கார முடியவில்லை. எழுபத்து நான்கு வயதில் இப்படி ஒரு படபடப்பு வரும் என்று யார் கண்டார்கள்?

ஆனால் அவள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறாளாம். இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். காரணம் நீங்களும் நானும்தான்.

திருமயத்துக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டில் நடந்த நிச்சயதார்த்தம் நினைவிருக்கிறதா? உங்கள் வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் விடுப்புக் கிடைக்கவில்லை. அதனால் ஆண்கள் நிறைந்த சபையில் நீங்களே முன்னால் உட்கார்ந்து பேசினீர்கள். "பொண்ணைத் தாரோம் சம்பந்தி. அவ வேலையைத் தர முடியாது. அது அவளே படிச்சு வாங்குனது."

"ஊர் ஊராத் திரியிற பொண்ணு எப்பிடிக் குடும்பம் நடத்தும்?" என்றேன்.

"ஒங்க மகனும்தான் வேலைக்குப் போறாரு. அவரு நடத்த மாட்டாரா? கல்யாணம் ரெண்டு பேருக்குந்தானே?"

சபை சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் என் கணவர். எனக்குக் கோபம். தாம்பூலத் தட்டை மாற்றப் போன கையை நிறுத்திவிட்டுச் சொன்னேன்: "சரி, வேலையில இருக்கட்டும். ஆனா நானோ எங்க வீட்டுக்காரரோ தனியா நின்னுட்டா, அவ வேலையை விட்டுட்டு வீட்டுக்கு வந்துறணும். வாக்குக் குடுத்தாத்தான் தட்டு மாத்துவோம்."

நீங்கள் மகளைப் பார்த்தீர்கள். அவள் தலையை அசைத்தாள். "எம் மக சார்புல நான் வாக்குத் தாரேன்" என்று வெற்றிலைமேல் கை வைத்துச் சொன்னீர்கள். அதன்பிறகு பந்தியில்கூட என்னிடம் நீங்கள் பேசவில்லை.

நீங்கள் போய் எட்டு மாதத்தில் என் கணவரும் போனார். நான் தனியாக நிற்கிறேன். போதாததற்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. சுகந்தி விசாகப்பட்டினத்திலிருந்து பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்து எனக்குத் தலை பின்னிவிட்டாள். கட்டு பிரித்த மறுவாரம்தான் கப்பல் செய்தி வந்தது. கூடவே அவள் முடிவும் வந்தது.

"வாக்காவது, ஒண்ணாவது! போய்க் கப்பலை வாங்கிக்க" என்று போனில் கத்தினேன்.

"அத்தை, நீங்க பிரியத்துல சொல்றீங்க. எங்கம்மா சபையில குடுத்த வாக்கு அது. அவங்க இருந்தா அவங்ககிட்டப் பேசி மாத்திக்கலாம். அவங்கதான் இல்லயே. நான் எப்பிடி மீறுவேன்?"

அங்கே அவளோடு இருக்கும் முருகேசன் ஒரு வழி கண்டுபிடித்தான். "அம்மா, நீங்க இங்கிட்டு வந்து எங்களோட இருந்துட்டா, நீங்க தனியா இல்ல. வாக்கு தானாச் செல்லாமப் போயிரும்." வக்கீல் பேச்சு! எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டிருக்கவே கூடாத வாக்கு அது. தவறான கணக்கை ஓரத்தில் சுரண்டி விடையைச் சரிக்கட்டினால் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த கான்வென்ட் சிஸ்டர்கள் நோட்டையே திருப்பித் தந்துவிடுவார்கள்.

கேட்டது தவறு என்று எனக்கு எப்போது தெரிந்தது, சொல்லட்டுமா? குடும்பத்தாரை ஒருநாள் கப்பலில் கடலுக்கு அழைத்துப் போனார்களே, அன்று. கரை மறைவதற்குள் நீங்கள் வாந்தி எடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். கீழே போய்ப் படுக்கச் சொன்னால் கேட்கவில்லை. "எம் மக வேலை பாக்குறதப் பாக்க வந்துருக்கேன், படுக்கவா வந்தேன்?" என்று வாந்திப் பையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றீர்கள்.

விமானத்தில் பறந்து கடலைக் கண்காணிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவள் சுகந்தி. கப்பலில் பெண்களுக்கு இடம் திறந்ததும் முதல் ஆளாக விருப்பம் எழுதிக் கொடுத்தாள். அன்று கப்பலைச் செலுத்தும் தளத்தில் அவள் முறை. திடீரென்று ஒரு மீன்பிடி விசைப்படகு குறுக்கே வந்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை; என்னிடம் "காப்பி போடவா அத்தை" என்று கேட்கும் அதே குரல். வேகத்தைக் குறைக்கச் சொன்னாள், வலப்பக்கம் திருப்பச் சொன்னாள். சுக்கான் பிடித்தவர் அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத் திருப்பினார். அத்தனை பெரிய இரும்பு, பசுமாடு மாதிரி ஒதுங்கியது.

"பாத்தீங்களா சம்பந்தி? சொன்னதத் திருப்பிச் சொல்லிட்டுல்ல செய்யிறாங்க! நம்ம வீட்டு ஆம்பளைங்க யாராச்சும் அப்பிடிச் செஞ்சிருக்காங்களா?" என்றீர்கள், வாயைத் துடைத்துக்கொண்டு.

பக்கத்தில் நின்ற நரைத்த தலை மாலுமி, கோட்டைப்பட்டினத்துக்காரர், சிரித்துவிட்டார். "மத்த ஆபீசர் சத்தம் போட்டா நாங்க பயப்படுவோம்மா. மேடம் சத்தத்தக் கொறச்சாத்தான் எங்களுக்குப் பயம். போன புயல்ல ரெண்டு நாள் அவங்க தூங்கல. எங்களை மாத்தி மாத்தித் தூங்க வச்சாங்க." முதலில் ஒரு பெண்ணின் கீழ் வேலை செய்ய மாட்டேன் என்று இடமாற்றம் கேட்டவராம் அவர். அதையும் அவரே சொன்னார்.

இவள் வாயில்லாப் பூச்சி என்று அத்தனை ஆண்டுகள் நான் நினைத்திருந்தேன். அன்றே உங்களிடம் "வாக்கை விட்டுவிடுகிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாந்தி எடுப்பவரிடம் போய் மன்னிப்புக் கேட்பதா என்று தள்ளிப்போட்டேன். பிறகு நாள் கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்ததா?

ஆகவே இப்போது கேளுங்கள். சபையில் வாங்கிய வாக்கை அடுக்களையிலும் போனிலும் திருப்பித் தரக் கூடாது. இந்த மாதமே வெளிவரும் உங்கள் முதலாண்டு நினைவு மலரில் இதை அச்சிடக் கொடுக்கிறேன். அன்று பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்ட அத்தனை பேர் வீட்டுக்கும் ஒரு பிரதி போகும். மீனாம்பாள், மகளுக்காக நீங்கள் எனக்குக் கொடுத்த வாக்கை முழுமையாக உங்களிடமே திருப்பித் தருகிறேன். அதைக் கேட்டதற்கு வருந்துகிறேன். இனி உங்கள் மகள் யாருக்கும் எதற்கும் கட்டுப்பட்டவள் அல்ல.

ஒரு உறுதியும் தருகிறேன். கை சரியாகிவிட்டது. நான் விசாகப்பட்டினம் போகிறேன். தனிமைக்குப் பயந்து அல்ல, எனக்கு அங்கே வேலை இருக்கிறது. சுகந்தி கடலில் இருக்கும் நாட்களில் பேத்தி யாழினியின் பாடங்களை நான் பார்த்துக்கொள்வேன். சமையல் முருகேசன்தான், அவன் ரசம் என் ரசத்தைவிட நன்றாக இருக்கிறது என்பதை உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கப்பலைக் கையேற்கும் நாளில் அம்மாக்களுக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, உங்களுக்கும் சேர்த்து நானே கை தட்டுவேன்.

சுகந்தி, இதை நீ படிப்பாய். கப்பலை ஏற்றுக்கொண்டாயா இல்லையா என்று ஒரே வரியில் எழுதி, கையெழுத்திட்டு, நான் அங்கே புறப்படும் முன் தபாலில் எனக்கு அனுப்பு.

உங்கள் மகளுக்கு மாமியாரும், உங்களுக்கு என்றும் சம்பந்தியுமான
விசாலாட்சி
திருக்கோகர்ணம்