பதினொன்றாம் பக்கம்

ரீனோ, செவ்வாய் இரவு

அன்புள்ள அம்மா,

மணி பன்னிரண்டாகிவிட்டது. இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். உன் முழங்கால் வலி தேவலையா? என் பிள்ளை ஜூனுக்கு இருமல் நின்றதா?

நேற்று முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். உள்ளே நுழைந்ததுமே மேலாளர் டேப்லெட் கணினியை நீட்டினார். நிர்வாகத்தோடு என்ன தகராறு வந்தாலும் நீதிமன்றம் போகமாட்டேன், தனி நடுவர் சொல்வதே முடிவு என்று ஒப்புக்கொண்டால்தான் வேலையாம். கல்லூரியில் படித்த நான், படித்துப் பார்க்காமலே விரலால் கையெழுத்துப் போட்டேன். என்னோடு சேர்ந்த ஒடெஸா, முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

"எல்லாரும் சும்மா ஒத்துக்கிறதுதாம்மா," என்றார் மேலாளர்.

"பிறந்தநாள் அட்டையிலகூட நான் படிக்காம கையெழுத்துப் போடமாட்டேன் கண்ணு. உனக்கு அவசரம்னா போய்க் காப்பி குடிச்சிட்டு வா."

நாற்பது நிமிடம் படித்தாள் அம்மா! பதினொன்றாம் பக்கத்தில் அகப்பட்டது: முப்பது நாளுக்குள் 'எனக்கு இந்த ஒப்பந்தம் வேண்டாம்' என்று தபாலில் எழுதினால் போதும், வேலையும் போகாது, வழக்குப் போடும் உரிமையும் போகாது.

"வாயத் தொறந்து சொல்லமாட்டாங்கடி. எழுதி மட்டும் வச்சிருப்பாங்க," என்று எனக்கும் காட்டினாள். என்ன மனுஷி!

நானும் எழுதி, உறையை ஒட்டிவிட்டேன். முறைப்பார்களோ, வேலை நேரத்தைக் குறைப்பார்களோ என்று பயம்தான். ஆனாலும் காலையில் உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தையும் அந்த உறையையும் ஒரே தபால் பெட்டியில் போடப்போகிறேன். இது உன் கைக்கு வந்தால், அதுவும் போய்விட்டது என்று அர்த்தம்.

ஜூனின் சட்டை ஒன்றைத் துவைக்காமல், அந்த வாசனையோடு அனுப்பு. சீக்கிரம் பதில் எழுது அம்மா.

உன் ட்வைலா