ஓடை முகத்தில் செம்மண்

என்னங்க,

கோபம் ஆறிடுச்சான்னு கேட்க எழுதல. வேலை விஷயம்.

நம்ம ஓடை அணைக்குள்ள வந்து சேர்ற இடத்துல இன்னிக்கு ஆபீஸ் வேலையாப் படகுல போய் ஆழம் அளந்தேன். போன வருஷம் ரெண்டு ஆள் ஆழம் இருந்த இடம், இப்போ துடுப்பு தரை தட்டுது. குழாயை இறக்கி அடிமண்ணை எடுத்துப் பார்த்தா, பூரா செம்மண். அந்த ஓடைக்கரையில செம்மண் சரிவு நம்மளுது மட்டும்தான். டிராக்டர் நேரா ஓடணும்னு, மண்ணு கரைஞ்சு போகாம இருக்க நான் கட்டின கல்வரப்பைப் பிரிச்சுப் போட்டுட்டீங்க, அப்படித்தானே? போன்ல மட்டும் "எல்லாம் நீ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு"ன்னு சொன்னீங்க!

படகோட்டி, "இது யாரு நிலத்து மண்ணும்மா?"ன்னு கேட்டார். "எங்க வீட்டுக்காரரோடது"ன்னு டக்குனு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் கொஞ்ச நேரம் எனக்கு வேலையே ஓடல.

ஊரே குடிக்கிற தண்ணி, விளையாட்டில்ல. லீவு சொல்லியாச்சு, ஞாயிற்றுக்கிழமை வர்றேன். நீங்க கல்லைத் தூக்கிக் குடுங்க, நான் அடுக்கறேன். இனிமே உழவு சரிவுக்குக் குறுக்கேதான்.

மழைக்கு முன்னால முடிக்கணும். ஒரு நாள்ல ஆகிற வேலை இல்ல, அதனால பெட்டியோடதான் வர்றேன். அலமாரியில என் பக்கத்தைக் காலி பண்ணி வைங்க.

இப்படிக்கு,
உங்க வாயாடி