தம்பலகாமத்தில் அப்போது நான் இல்லை, அக்கா

என் ஆசை அக்காவுக்கு,

உங்களுடைய கதிரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உங்களுடைய முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி, முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதுகிறது. நாளை மறுநாள் நான் ரொறன்ரோவுக்குத் திரும்ப வேண்டும். ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. உங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்?

அன்று நான் விமான நிலையத்துக்குப் புறப்படும்போது தொலைபேசியில் கதைத்தோமே. எனக்கு இரவு, உங்களுக்கு விடிகாலை. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் உங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"எவ்வளவு நேரம் செல்லும் பிள்ளை?" என்று கேட்டீர்கள்.

"டோகாவுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் அக்கா. அங்க இறங்கி நிண்டு, பிறகு கொழும்புக்கு வேற பிளேன். பிறகு றோட்டால திருகோணமலைக்கு."

"ஓம், பதின்மூன்று" என்றீர்கள். மற்றவை காதில் விழவில்லையா? அல்லது கேட்க விருப்பமில்லையா?

விளக்கு வைக்கிற நேரம் அத்தானிடம் கேட்டீர்களாம்: "பதின்மூன்று முடிஞ்சுதெல்லே, சுகி எங்க?" உங்களைக் கட்டிய நாள் முதல் பொய் சொல்லத் தெரியாத மனுசன். நேற்றுத்தான் இதை என்னிடம் சொன்னார்.

"இஞ்சரப்பா, தம்பலகாமத்துக்கு வந்திட்டாளாம். இனிக் கிட்டத்தான்" என்றாராம்.

நீங்கள் சிரித்தீர்களாம். "அப்ப கேற்றைத் திறந்து விடுங்கோ. பிள்ளை வெளியில நிக்கப் போறாள்."

அவர் எழுந்துபோய் உண்மையாகவே கேற்றைத் திறந்திருக்கிறார். திரும்பி வந்தபோது நீங்கள் இல்லை.

அந்த நேரம் நான் கருங்கடலுக்கு மேலே எங்கேயோ இருந்திருக்க வேண்டும். முன் இருக்கையின் சின்னத் திரையில் மீதித் தூரம் குறைந்துகொண்டே வந்தது. நீங்கள் இருக்கிறீர்கள் என்றே நினைத்துச் சாப்பிட்டேன், படம் பார்த்தேன். டோகாவில் இறங்கிப் போனைப் போட்டபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகும் அத்தனை தூரம் வர வேண்டியிருந்தது. அந்தத் தூரம் யாருக்காக, அக்கா?

அத்தான் கேட்டார்: "பொய் சொன்னது பிழையோ, சுகி? உள்ளதைச் சொல்லியிருந்தா, உன்னைப் பாக்கவெண்டு உயிரை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருப்பாளோ? நானும் பக்கத்தில இருந்திருப்பன்."

எனக்குக் கோபம் வந்தது. அதோடு அழுகையும் வந்தது. உண்மை தெரிந்திருந்தால் எனக்காக இன்னும் ஓர் இரவு அந்த நோவைத் தாங்கியிருப்பீர்களா? அல்லது நான் வரவில்லை என்ற ஏக்கத்தோடே போயிருப்பீர்களா? இரண்டில் எதை நான் விரும்ப வேண்டும்? ஒரு நேரம் ஒன்று சரியாகப் படுகிறது, இன்னொரு நேரம் மற்றது.

"தெரியேல்ல அத்தான்" என்றேன். "நான் வாறனெண்டு சந்தோஷப்பட்டவாதானே?"

"ஓம். நல்லாச் சிரிச்சவள்."

அவ்வளவுதான் சொன்னார். செத்தவீட்டில் கூட அழாத மனுசன், அப்போதுதான் சத்தம் போட்டு அழுதார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் செய்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல ஏலாது.

ஆனால் ஒன்று சொல்ல ஏலும். திரும்பிப் போகும்போது, இறங்குகிற ஒவ்வொரு இடத்திலிருந்தும் அத்தானுக்குப் போன் எடுத்து, நான் நிற்கிற இடத்தை உள்ளபடி சொல்வேன். உங்களுடைய திவசத்துக்கு வருவேன். புறப்பட முதல் பறக்கிற நேரம், காத்திருக்கிற நேரம், றோட்டால் வருகிற நேரம் எல்லாவற்றையும் அவருக்குக் கூட்டிச் சொல்வேன். அவரைத் தனிய விடமாட்டேன், அக்கா.

உங்களுக்குப் பின்னால் பிறந்த தங்கை,
சுகி