அண்ணன் எழும்பி விளையாடியது

15 யூன் 2008, ஞாயிறு

இன்று நிஸார் நானாவின் தேநீர்க்கடையில் கூட்டம். தொலைக்காட்சியில் றக்பி, இங்கே எல்லாரும் றகர் என்பார்கள். அப்பா முன்னுக்குத் தேநீர் ஆற்றினார். நான் வழக்கம்போல் குசினியில் கோப்பை கழுவினேன். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து இதுதான் வேலை.

சதீஸ் அண்ணன் கண்டியில் ஒரு குழுவுக்குச் சம்பளத்துக்கு விளையாடுகிறான். பதினைந்தாம் இலக்கம். எல்லாருக்கும் பின்னால் நின்று, உயர வரும் பந்தைப் பிடிக்கிறவன். குழு கொடுத்த அறையில் இருக்கிறான். இங்கே வவுனியாவில் அவன் வயதுப் பெடியள் சந்தியில் நின்றாலே ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவன் நன்றாக விளையாடினால்தான் அந்த அறை. அறை இருந்தால்தான் அவன் இங்கே வராமல் இருக்கலாம்.

இன்று பந்துக்குத் துள்ளியவனை ஒரு பெரியவன் வந்து இடித்தான். விழுந்தான். எழும்பி விளையாடினான். பிறகு வந்த பந்தெல்லாம் கைதவறியது.

"கையில எண்ணெய் பூசிக்கொண்டு வந்திருக்கான்" என்றார் லொறி ஓட்டும் யஹ்யா நானா.

"இடது கையைத் தூக்கவே இல்ல மச்சான். தோள் போயிட்டு" என்றார் நிஸார் நானா.

"தோள் போனவன் எழும்பி ஓடுவானா? பயம். வீரையா அண்ணன், மகனுக்கு என்ன, வெறும் பிளேன்டீதானா குடுத்து வளர்த்தீங்க?"

அப்பாவும் சிரித்தார். அவருக்கு விளையாட்டு விளங்காது. வெளியே போய் நிஸார் நானாவிடம் தோளைப் பற்றிக் கேட்க எனக்கு வெட்கம்.

19 யூன்

அண்ணன் கடைக்குப் போன் எடுத்தான். "நோகுதுதான். டொக்டரிட்டச் சொன்னா வெளிய இருத்திருவாங்க. அம்மாட்டச் சொல்லாத." நான் சொல்லவில்லை.

22 யூன், ஞாயிறு

மறுபடி விளையாடினான். பாதியில் கூப்பிட்டு இருத்திவிட்டார்கள். யஹ்யா நானா ஏசிய ஏச்சை எழுத முடியாது.

27 யூன்

குழுவுக்குத் தெரிந்துவிட்டது. சுகமானால் வா என்று அறையைப் பூட்டிவிட்டார்களாம். அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினான். அம்மா அழுதா. எதற்கென்று அவாவுக்கே தெரியாது.

30 யூன்

எப்படி எழுதுவது.

முறிவு வைத்தியர் அண்ணனின் தோளுக்கு மூலிகைப் பத்துப் போட்டு, கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அப்பா அவனைச் சைக்கிளில் ஏற்றி வந்திருக்கிறார். சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் இறக்கினார்கள். எங்கே பட்ட காயம் என்று கேட்டார்களாம். அப்பா "விளையாட்டு, பந்து" என்று மட்டும் சொன்னாராம். அண்ணன் சொன்னதைக் கேட்கவே இல்லையாம்.

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியே வந்தார்.

தோளில் கட்டுப் போட்ட பெடியனைப் பார்த்தால் அவங்கள் என்ன நினைப்பாங்கள்? அந்தப் பக்கத்தில இயக்கத்தோட நிண்டு சண்டையில காயப்பட்டு வந்தவன் எண்டுதானே. இந்த ஊரில ஆருக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் ஏன் வாயில வரேல்லை? சாறத்துணியைக் கிழிச்சுக் கட்டுக்குக் குடுத்தனுப்பினது நான்தான்.

2 யூலை

யஹ்யா நானா அண்ணனை வைத்திருக்கிற ஆமி முகாமுக்குப் போய் வந்தார். நாங்கள் கேட்கவில்லை. அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். அங்கே இருந்த அதிகாரி றகர் பார்க்கிறவனாம். அதைக் கேட்டதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டா.

யஹ்யா நானா கதிரையில் இருக்கவில்லை.

"அந்த மெச்சை அவனும் பார்த்திருக்கான், வீரையா அண்ணன். விழுந்தது ஞாபகம் இருக்காம். ஆனா எழும்பி முடியுமட்டும் ஓடினவனாம், அடுத்த கிழமையும் இறங்கினவனாம். தோள் போனவன் அப்பிடி ஓடுவானா, இந்தக் காயம் வேற எண்டு சொல்றான்." லொறிப் பக்கம் திரும்பினார். "நான் கடையில இருந்து சொன்னதைத்தான் அவன் எனக்குச் சொல்றான்."

5 யூலை

அண்ணனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். எங்கே என்று சொல்லவில்லை.

20 யூலை, ஞாயிறு

கண்டிக் குழுவுக்குப் போட்டி. நிஸார் நானா தொலைக்காட்சியை நிற்பாட்டப் போனார். அப்பாதான் "ஓடட்டும் முதலாளி" என்றார். ஆட்கள் வந்திருந்தார்கள். யஹ்யா நானா தொலைக்காட்சிக்கு முதுகு காட்டி இருந்தார்.

பதினைந்தாம் இலக்கத்தில் ஒரு புதுப்பெடியன். உயர வந்த பந்தைப் பிடித்தான். இடித்து விழுத்தினார்கள். அப்பா தேநீர்த் தட்டோடு நடுக்கடையில் நின்றுவிட்டார்.

"எழும்பாத ராசா" என்றார். "கிட. அப்பிடியே கிட."

அந்தப் பெடியன் எழும்பி ஓடினான். அப்பா குசினிக்குள் வந்து, குடிக்காத தேநீர்களை ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டினார். நான் வாங்கி ஊற்றினேன்.