பெரிய பிரிவு

வியாழன், 12 செப்டம்பர் 1974

பதுளையில் நடக்கும் எல்லே பந்தாட்டப் போட்டியில் எந்தப் பிரிவில் ஆடுவது என்று இன்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிரிவென்றால் எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் சுலபமாக வெல்வார்கள். ஆனால் பிறப்புப் பத்திரப்படி பொன்மணிக்குப் பதினாறு. அவள் கம்பை வீசினால்தான் பந்து தேயிலைக்குள் போய் விழும்.

"அவள விட்டுட்டு ஜெயிச்சு என்னா டீச்சர், பெரிய பிரிவுலயே ஆடுவோம்" என்றார்கள் மற்றப் பிள்ளைகள். தோற்றாலும் பரவாயில்லை என்று எனக்கும் பட்டது. அப்படியே எழுதித் தபாலில் போட்டேன்.

மாலையில் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பொன்மணியின் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அவளுக்குப் பதினாலுதாங்க டீச்சர். பொறப்ப பிந்திப் பதிஞ்சப்ப ரெண்டு வயசு கூட்டிச் சொன்னோம். தோட்டத்துல வேலைக்கு சீக்கிரம் பேர் பதியலாம்ல. போட்டி எப்பங்க?"

அடுத்த மாதக் கடைசியில் என்றேன்.

"அப்ப அவ வரமாட்டாளே. ஒண்ணாந்தேதி பேர் பதியிறோம். கொழுந்தெடுக்கப் போயிருவா."

கூடைகூட வாங்கியாகிவிட்டதாம்.

பெரிய பிரிவில் ஆடுவோம் என்று பிள்ளைகள் சொன்னபோது பொன்மணி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் வெட்கம் என்று நினைத்தேன்.